பெகி என்ற பெயர் திரும்பி வருமா?

2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்பியபோது, அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவரின் பெயரும் நம் செய்திகளில் அடிபட்டது: பெகி விட்சன். மொத்தம் 695 நாட்கள் விண்வெளியில் இருந்தவர். வேறு எந்த அமெரிக்கரும் அத்தனை நாள் அங்கே இருந்ததில்லை. அவர் பிறந்தது 1960-இல், ஐயோவா மாநிலத்தில். அவருடைய பெயரை இன்று அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளிடம் தேடினால் கிடைப்பது கஷ்டம். பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படும் முதல் 1000 பெயர்களில் பெகி இல்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'பெகி' என்றால் பாட்டிமார் பெயர்.

ஆனால் அதே நாடுகளில் மில்லி, எல்சி, சேடி, மெய்சி என்று கொள்ளுப்பாட்டி காலத்துச் செல்லப் பெயர்கள் இப்போது மழலையர் பள்ளிகளில் கேட்கின்றன. 2021 ஜூனில் இளவரசர் ஹாரியும் மேகனும் தங்கள் மகளுக்கு லிலிபெட் என்று பெயர் வைத்தார்கள். எலிசபெத் ராணி சின்னக் குழந்தையாக இருந்தபோது தன் பெயரைச் சொல்ல வராமல் உளறியதிலிருந்து வந்த செல்லப் பெயர் அது. அப்படியானால் பழைய பெயர்களில் சில ஏன் திரும்பி வருகின்றன, சில ஏன் வருவதில்லை? பெகி இதில் எந்தப் பக்கம்?

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெகி வரும். முதலில் பிரிட்டனில் வரும், அமெரிக்காவில் பிறகுதான். அதற்கான காரணங்களை அடியிலிருந்து பார்க்கலாம்.

மார்கரெட் எப்படி பெகி ஆனது?

பெகி தனிப் பெயராகப் பிறந்தது அல்ல. மார்கரெட் என்ற முழுப் பெயரின் செல்லப் பெயர். மார்கரெட்டின் வேர் முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அந்த முத்திலிருந்து 'ப' எங்கிருந்து வந்தது என்பதுதான் பலருக்கும் குழப்பம். வழி இதுதான்:

1. மார்கரெட் சுருங்கி மெக் ஆனது.
2. மெக் என்பதற்கு எதுகையாக பெக் என்று கூப்பிட்டார்கள்.
3. பெக்கின் வாலில் கொஞ்சல் ஒலியான 'இ' சேர்ந்து பெகி ஆனது.

இரண்டாவது படி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் இது சாதாரண வழக்கம். புழக்கத்தில் இருந்த பெயர்கள் மிகக் குறைவு. ஒரே தெருவில் நாலைந்து மார்கரெட்டுகள், நாலைந்து வில்லியம்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிய வேண்டுமே. எனவே முதல் எழுத்தை மாற்றிக் கூப்பிட்டார்கள். வில் என்பது பில் ஆனது, ராப் என்பது பாப் ஆனது, ரிக் என்பது டிக் ஆனது, மேரியிலிருந்து வந்த மோலி போலி ஆனது. பெகியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மார்கரெட்டின் குடும்பம் பெரியது. மேகி, மார்ஜ், மேட்ஜ், கிரேட்டா, ஸ்காட்லாந்துப் பக்கத்து மெய்சி, வேல்ஸ் பக்கத்து மேகன், பிரெஞ்சு மார்கோ, எல்லாம் ஒரே வேர். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் சாதாரணமாகக் கேட்கும் ரீட்டாவும் மார்கரிட்டாவின் வால்தான். இந்தக் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெகியின் எதிர்காலத்தைக் கணிக்க அதன் அக்கா தங்கைகள் உதவுவார்கள்.

உச்சமும் சரிவும்

இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் 1924, 1934, 1944 மூன்றிலும் பெண் குழந்தைப் பெயர்களில் மார்கரெட்தான் முதலிடம். 1954-இல் அந்த இடத்தை சூசன் பிடித்தது. இதற்கு நடுவே 1930-இல் பிறந்த ராணியின் தங்கைக்கும் மார்கரெட் என்றுதான் பெயர் வைத்தார்கள். இத்தனை மார்கரெட்டுகள் இருந்தால் வீட்டுக்குள்ளே எத்தனை பெகிகள் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். நடிகை பெகி ஆஷ்கிராஃப்ட் 1907-இல் பிறந்தவர். அவருடைய பதிவுப் பெயரில் மார்கரெட் இருக்கிறது. கலைப் பொருள் சேகரிப்பாளர் பெகி குகன்ஹைம் பிறந்தபோது மார்கரீட்.

அமெரிக்காவில் இன்னொரு விஷயம் நடந்தது. அங்கே 1930-களில் செல்லப் பெயரையே நேராகப் பிறப்புப் பதிவில் எழுதுவது நாகரிகமானது. எலிசபெத்தின் செல்லப் பெயரான பெட்டி அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் மேரிக்கு அடுத்து இரண்டாமிடத்தில் இருந்தது. அந்த அலையில் பெகியும் 1930-களில் முதல் 50-க்குள் வந்தது. நோர்மா என்ற பெயரில் பிறந்த ஒரு பாடகி அந்தக் காலத்தில் மேடைக்காக பெகி லீ ஆனார். அன்றைக்கு அது இளமையான, துறுதுறுப்பான பெயர். 1950-களுக்குப் பிறகு மெல்ல இறங்கியது. பெகி விட்சன் பிறந்த 1960-இல் பெயர் உச்சத்தைத் தாண்டி நாளாகிவிட்டது.

கணக்கில் ஓர் ஓட்டை

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் பெயர்ப் பட்டியல் செய்திகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பட்டியலில் வருவது பதிவுப் பெயர் மட்டும். கூப்பிடும் பெயர் வராது.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்பு, தன்னிடம் வரும் அட்டை விண்ணப்பங்களை வைத்து 1880 வரை பின்னோக்கிப் போகும் பட்டியலை வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயரைத் தனியுரிமை கருதிச் சேர்ப்பதில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிடுகிறது. அங்கே வரம்பு 3. இரண்டு இடத்திலும் எழுத்துக்கூட்டல் மாறினால் தனிப் பெயராகவே எண்ணுவார்கள்.

ஆகவே ஒரு தம்பதி மகளை மார்கரெட் என்று பதிவு செய்துவிட்டு வீட்டில் பெகி என்று கூப்பிட்டால், அந்த பெகி எந்தக் கணக்கிலும் ஏறாது. மார்கரெட் அமெரிக்காவில் முதல் 1000-ஐ விட்டு ஒருபோதும் வெளியே போனதில்லை. அந்த மார்கரெட்டுகளில் எத்தனை பேர் மேகி, எத்தனை பேர் பெகி என்பதைப் பட்டியல் சொல்லாது. பட்டியலில் பெகி தெரிகிறது என்றால், பெற்றோர் துணிந்து அதையே முழுப் பெயராக எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். திரும்பி வருதலின் கடைசிக் கட்டம் அது. முதல் கட்டம் சமையலறையிலும் பள்ளி வாசலிலும் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

ஒரு பெயர் எப்படிப் பழசாகிறது?

பிரிட்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லேவர், உடை நாகரிகத்துக்கு 1937-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். ஓர் உடை வழக்கிலிருந்து போய் 10 ஆண்டு ஆனால் அது அருவருப்பாகத் தெரியும். 20 ஆண்டில் கேலிக்கு உரியது. 30-இல் வேடிக்கை. 50-இல் விநோதம். 70-இல் வசீகரம். 100-இல் மனதை மயக்கும். 150-இல் பேரழகு.

லேவர் சொன்னது உடையைப் பற்றித்தான். ஆனால் பெயருக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன். உடையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடலாம். பெயரை மனிதர்கள் சுமக்கிறார்கள். பெயரோடு சேர்ந்து அவர்களுக்கும் வயதாகிறது. பெகி என்ற பெயருடைய குழந்தைகள் 1935-இல் தொட்டிலில் இருந்தார்கள். 1975-இல் அவர்கள் நாற்பது வயது அம்மாக்கள், பள்ளி ஆசிரியைகள், அலுவலகத்துக் கண்டிப்பான மேலாளர்கள். எந்த இளம் பெண்ணும் தன் மகளுக்குத் தன் அம்மாவின் தோழியின் பெயரை ஆசையாக வைப்பதில்லை. 2000-இல் அவர்கள் பாட்டிகள். முழங்கால் வலி, மருந்துச் சீட்டு எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று அவர்களில் பெரும்பாலோர் இல்லை, அல்லது தொண்ணூறைத் தொடுகிறார்கள். இப்போது குழந்தை பெறுகிறவர்களுக்கு பெகி என்றால், மடியில் உட்கார வைத்துக் கதை சொன்ன, பல் இல்லாமல் சிரித்த கொள்ளுப்பாட்டி. அந்த நினைவில் கண்டிப்பு இல்லை, சண்டை இல்லை. பாசம் மட்டும்தான் மிச்சம்.

இதைத்தான் ஆங்கிலத்தில் நூறாண்டு விதி என்கிறார்கள். சரியாக நூறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரைச் சுமந்த தலைமுறை, கண் முன்னால் நடமாடுகிறவர்கள் என்ற நிலையிலிருந்து நினைவு என்ற நிலைக்கு மாற வேண்டும்; அதற்கு எண்பது முதல் நூறு ஆண்டு பிடிக்கும். நம் வழக்கம் வேறு. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்ற பொருளில். நாம் ஒரு தலைமுறை விட்டுப் பெயரைத் திரும்ப எடுப்பது கடமையும் மரியாதையும் கலந்தது. அங்கே பெரும்பாலும் ரசனைதான் தீர்மானிக்கிறது, அதனால் இடைவெளியும் நீள்கிறது.

திரும்பியவையும் திரும்பாதவையும்

விதிக்குச் சாட்சி நிறைய உண்டு. 1880-இல் அமெரிக்காவில் எம்மா மூன்றாமிடம். 1970-களில் 400-க்கும் கீழே போனது. 2008-இல் முதலிடம். எவ்லின் 1910-களில் முதல் பத்தில் இருந்தது. 2017-இல் மறுபடி முதல் பத்துக்குள் வந்தது. சாராவின் செல்லப் பெயரான சேடி, இந்த நூற்றாண்டில் முதல் 100-க்குள் நுழைந்தது.

ஆனால் காலம் மட்டும் போதாது. அதே 1880 பட்டியலில் ஐந்தாமிடம் மின்னி, ஒன்பதாமிடம் பெர்த்தா. 140 ஆண்டு தாண்டியும் இரண்டும் அமெரிக்க முதல் 1000-க்குத் திரும்பவில்லை. மின்னி என்றதும் 1928-இல் வந்த டிஸ்னி சுண்டெலிதான் நினைவுக்கு வருகிறது. பெர்த்தா என்ற பெயரை முதல் உலகப் போரின் ஜெர்மன் ராட்சத பீரங்கிக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். போதாக்குறைக்கு, இன்றைய ஆங்கிலக் காதுக்கு அதன் ஒலியே கனமாக இருக்கிறது. பெயரின் மேல் இன்னொரு பிம்பம் ஏறி உட்கார்ந்துகொண்டால் இறக்குவது சிரமம். நமக்கு மேகி என்றால் நூடுல்ஸ்தான். யூலியஸ் மாகி என்ற சுவிஸ் தொழிலதிபரின் குடும்பப் பெயர் அது என்பதோ, மார்கரெட்டுகளை மேகி என்று கூப்பிடுவார்கள் என்பதோ உடனே தோன்றுவதில்லை.

இன்னும் சுவையான ஒன்று மில்லி. மில்ட்ரெட் என்ற பெயர் 1910-களில் அமெரிக்காவின் முதல் பத்தில் இருந்தது. இன்று மில்ட்ரெட் வைப்பார் இல்லை. ஆனால் அதன் செல்லப் பெயர்களில் ஒன்றான மில்லி திரும்பி வந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. முழுப் பெயர் திரும்பினால்தான் செல்லப் பெயர் திரும்பும் என்ற கட்டாயம் இல்லை. பெகியின் கணக்கில் இது முக்கியமான செய்தி.

பெகியின் நிலவரம்

இப்போது பெகியைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

1. காலம். உச்சம் 1930-கள். இன்றைக்கு ஏறத்தாழ 90 ஆண்டு. லேவரின் அளவுகோலில் வசீகரத்தைத் தாண்டி, மனதை மயக்கும் கட்டத்தை நெருங்குகிறது. காலம் கனிந்துவிட்டது.

2. ஒலி. எதிர்வாதத்தில் கனமானது இதுதான். இப்போது இங்கிலாந்துப் பட்டியலின் உச்சியில் இருப்பவை ஒலிவியா, அமீலியா, ஐலா, லிலி. எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் ஒலிகள், நாக்கு எங்கும் முட்டுவதில்லை. பெகியைச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடித் திறக்கிறது, அடுத்த கணமே தொண்டைப் பக்கம் ஓர் அடைப்பு. இரண்டு முட்டல். போதாததற்கு 'பெக்' என்றால் ஆங்கிலத்தில் முளை, துணி மாட்டும் கொக்கி. நம் பக்கம் மதுவின் அளவு.

ஆனால் பாப்பி என்ற பெயரை எடுங்கள். அதுவும் இரண்டு முட்டல்தான்: உதடு மூடி, உயிர், மறுபடி உதடு மூடி, கடைசியில் 'இ'. பெகியின் அச்சு அப்படியே. அந்தப் பாப்பி பல ஆண்டுகளாக இங்கிலாந்து முதல் 100-இல் இருக்கிறது. எனவே ஒலி தடையே தவிர, மதில் அல்ல. பெற்றோர் காதுக்கு வழுக்கல் சலித்துப் போகும்போது முட்டல் புதுசாக இனிக்கும்.

3. குடும்பம். மார்கரெட்டின் பிரெஞ்சுச் செல்லப் பெயரான மார்கோ இங்கிலாந்தின் முதல் 100-க்குள் வந்துவிட்டது. மெய்சியும் அந்தப் பட்டியலுக்குப் பழக்கமான பெயர். ராணியின் தங்கை மார்கரெட்டை வீட்டில் மார்கோ என்றுதான் கூப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அக்கா தங்கைகள் இருவர் ஏற்கெனவே திரும்பிவிட்டால், மூன்றாவதைப் பற்றிப் பெற்றோர் யோசிப்பது இயல்பு. மார்கோ எங்கும் நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது, அடுத்து என்ன இருக்கிறது என்று அதே குடும்பத்தில்தான் கை நீளும்.

4. பிம்பம். பெகியின் மேல் சுண்டெலியோ பீரங்கியோ இல்லை. பிரிட்டனில் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரின் பெகி மிட்செல், பார்பரா வின்ட்சர் நடித்த அந்தக் கனத்த குரல் அம்மா, ஒரு தலைமுறையின் மனதில் இருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு வந்த பெகிகள் வேறு ரகம். 2007-இல் தொடங்கிய மேட் மென் தொடரின் பெகி ஓல்சன், தட்டச்சு மேசையிலிருந்து விளம்பரம் எழுதுகிறவராக உயர்ந்த இளம் பெண். 2011-இல் கேப்டன் அமெரிக்கா படத்தில் வந்த பெகி கார்ட்டர் போர்க்கால அதிகாரி. 2015-இன் ஹாமில்டன் இசை நாடகத்தில் வரும் பெகி ஸ்கைலர், 18-ஆம் நூற்றாண்டில் உண்மையிலேயே வாழ்ந்தவர். மூவருமே இளையவர்கள், கெட்டிக்காரர்கள். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு பெகி என்றால் பாட்டியின் முகத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவர் முகம் வரக்கூடும்.

இந்த நான்கிலும் மூன்றாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். தொலைக்காட்சிப் பாத்திரம் பெயரை உருவாக்குவதை விட, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் பெயரைத் தள்ளிவிடுவதுதான் அதிகம். 2002-இல் ஃபிரெண்ட்ஸ் தொடரில் பிறந்த குழந்தைக்கு எம்மா என்று பெயர் வைத்தார்கள், அதற்கப்புறம் எம்மா எகிறியது என்பார்கள். ஆனால் 2001-இலேயே எம்மா முதல் இருபதுக்குள் வந்திருந்தது. தொடரை எழுதியவர்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

ஏன் பிரிட்டனில் முதலில்?

காரணம் பதிவு வழக்கம். இங்கிலாந்தில் இப்போது செல்லப் பெயரைச் சான்றிதழில் அப்படியே எழுதக் கூச்சப்படுவதில்லை. ஆண் குழந்தைகளில் ஆர்ச்சி, ஆல்ஃபி, ஃபிரெடி, டெடி. பெண் குழந்தைகளில் எவி, எல்சி, மில்லி, ரோசி. அமெரிக்கப் பெற்றோர் பலருக்கு இன்னும் தயக்கம் உண்டு: நாளைக்கு நீதிபதியாகவோ மருத்துவராகவோ ஆனால் கதவில் மாட்டும் பலகையில் எலியனோர் என்று இருந்தால் நன்றாக இருக்குமே, எல்லி என்று வீட்டில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம். இந்தத் தயக்கம் இருக்கும் வரை அமெரிக்காவில் பெகி மார்கரெட்டின் முதுகுக்குப் பின்னால்தான் வளரும், பட்டியலில் தெரியத் தாமதமாகும்.

தாமதம் பெகிக்கு நல்லதுதான். ஜோனா பெர்ஜரும் கயேல் லெ மென்சும் பிரெஞ்சு, அமெரிக்கப் பெயர்ப் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: வேகமாக ஏறும் பெயர் வேகமாக இறங்குகிறது. காரணம் எளிது. சட்டென்று எல்லோரும் வைக்கும் பெயரைப் பார்த்தால் இது சில நாள் மோகம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மெல்ல ஏறுகிற பெயர் அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை.

டெபி எப்போது?

இதே கணக்கைப் போட்டால் அடுத்த கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. டெபி, டெபோராவின் செல்லப் பெயர். 1955-இல் டெபோரா அமெரிக்காவில் இரண்டாமிடம். அன்று பிறந்த டெபிகள் இன்று எழுபதைத் தொட்டவர்கள். இன்னும் வண்டி ஓட்டுகிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பேத்தி வளர்ந்து தாயாகும்போது பாட்டியின் பெயர் அவளுக்கு இன்னும் பாட்டி பெயராகத்தான் இருக்கும். அவளுடைய மகளுக்குத்தான் டெபி கொள்ளுப்பாட்டி. 1955-உடன் 90 கூட்டினால் 2045 வருகிறது.